பெட்டியில் எல்லாம் இருந்தது

வீட்டில் பஞ்சு இல்லாத மனிதனை நான் முழு மனிதனாக மதிப்பதில்லை. அரிசி இல்லையா, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ரத்தம் சொட்டுகிற விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் இருக்கிறானே, அவனைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம் வராது, சிரிப்புத்தான் வரும். உங்கள் ஸ்டேஷனிலும் பஞ்சு இல்லை, ஸார். உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை.

ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும். பெயர் ராமபத்ரன். வயது அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற கூட்ஸ் ரயில் கார்டு. பூர்வீகம் திருவள்ளூர், நாலு வருஷமாகக் கும்மிடிப்பூண்டியில் வாசம். என் மனைவி கமலவல்லியின் தம்பி வேங்கடேசன் தீக்காயம் பட்டு இறந்தது சம்பந்தமாக வந்திருக்கிறேன். நேற்றோடு பதிமூன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. ஸ்டவ் வெடித்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக, அந்த ஸ்டவ்வைப் பழுது பார்த்த புதுவாயல் பச்சையப்பனை மூன்று நாளாகக் கம்பிக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். அவன் மனைவி கெங்கம்மாள் வாசல் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டவ் வெடிக்கவில்லை, ஸார். அவன் இப்போதே கம்பி வழியாகக் கத்திக்கொண்டிருப்பதைக் கேளுங்கள்.

"வாஷர் புச்சு சாமி. நானே மாத்தினேன். வெடிச்சிருந்தா டாங்கி கியிஞ்சிருக்கும்ல? போய்ப் பாரு, டாங்கி முழுசா கீது. எவன் காதுலயும் ஏற மாட்டேங்குது, பேஜாரா கீது சாமி."

அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நல்ல வேலைக்காரன். டாங்கியில் ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான் வரிசைப்படிதான் சொல்வேன்.

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டுக்கு என்று ஒரு முதலுதவிப் பெட்டி கொடுப்பார்கள். அதற்கு அரக்கு முத்திரை உண்டு. முத்திரையை உடைத்தால் யாருக்காக உடைத்தாய், எந்த மைல் கல்லருகே உடைத்தாய், எத்தனை அங்குலம் கட்டுத்துணிப் பட்டை செலவானது என்று மூன்று பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும். என் முப்பத்துநாலு வருஷத்தில் முத்திரை ஒரு தடவைகூட உடையவில்லை. ஒரு சின்ன ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் ஒருவனுக்குக் கை நசுங்கி மூன்று விரல் துணி மாதிரி தொங்கியது. அவன் தலையில் முண்டாசு இருந்தது. அதையே அவிழ்த்துக் கட்டி அனுப்பினேன். பெட்டி அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி முத்திரையைத் தடவிப் பார்த்து, "என்ன ஓய், இது கல்யாணப் பெண் மாதிரி இருக்கே" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். விரல்களைக் கேட்கிறீர்களா? ஒன்று பிழைத்தது என்று கேள்வி.

ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக வீட்டுக்கு ஒரு பெட்டி தயார் செய்தேன். மற்றவர்கள் அந்த வயதில் ராமேஸ்வரம் போகிறார்கள். நான் பாரிமுனைக்குப் போனேன். தேக்குப் பெட்டி, உள்ளே பச்சை வெல்வெட், பதினெட்டு அறை. போரிக் பஞ்சு, காயத்தின் மேல் வைக்கிற லிண்ட் துணி, மூன்று அகலத்தில் பட்டைச் சுருள்கள், முக்கோணக் கட்டு நாலு, எலும்பு முறிவுக்கு மூங்கில் தப்பைகள், டிங்சர், ஸ்பிரிட், மயக்கம் தெளிய மூக்கில் காட்டுகிற உப்பு, தீக்காயத்துக்கு மஞ்சள் களிம்பு, தேள் கடிக்கு, பாம்புக் கடிக்கு, காதில் பூச்சி புகுந்தால் அதற்கு. எங்கள் தெருவில் ஒரு காக்கைக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால்கூட அதற்கும் அந்தப் பெட்டியில் மருந்து இருந்தது. விஜயவாடா எக்ஸ்பிரஸ் எங்கள் கொல்லையில் கவிழ்ந்தாலும் முதல் மூன்று பெட்டி ஜனங்களை நான் ஒருவனே சமாளித்திருப்பேன். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்கள். இரண்டு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வீடு என்பது ரயில் இல்லை. ரயிலில் திருடர்கள் வெளியிலிருந்து வருவார்கள்.

கமலவல்லி போரிக் பஞ்சை எடுத்துப் பெருமாள் விளக்குக்குத் திரி திரித்தாள். ஏன் என்று கேட்டால், "கடைப் பஞ்சிலே கொட்டை இருக்கு, இது வெள்ளை வெளேர்னு இருக்கு, பெருமாளுக்கு நல்லது போகக் கூடாதான்னா?" என்றாள். லிண்ட் துணி ஆவக்காய் ஜாடிக்கு வாய்க்கட்டாகப் போயிற்று. தெர்மாமீட்டர் பாலில் மிதந்தது, தயிருக்கு உறை குத்தச் சூடு பதமா என்று பார்க்கிறாளாம். இதையெல்லாம் நான் மன்னித்தேன். பெண்டாட்டியை மன்னிக்காமல் இந்த வயதில் எங்கே போவது.

மன்னிக்க முடியாதது வேங்கடேசன்தான்.

நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன். இங்கே இரும்பு மில்லில் டைம் கீப்பர். எங்கள் வீட்டிலேயே இருந்தான். காலை ஆறு மணி ஷிப்டுக்காக விடிவதற்குள் எழுந்து, தானே பம்ப் ஸ்டவ்வில் காப்பி போட்டுக்கொண்டு போவான். பம்ப் ஸ்டவ் தெரியுமல்லவா, அடியிலிருக்கிற கிண்ணியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி எரித்து, பர்னர் சூடான பிறகுதான் பம்ப் அடிக்க வேண்டும். அதற்கென்று தனி ஸ்பிரிட் புட்டி ஷெல்ப்பில் இருக்கும். அது தீர்ந்துபோனால் கடைக்குப் போக அவனுக்குச் சோம்பல். என் பெட்டியில் கை வைப்பான். முத்திரை போட்டேன். கத்தி முனையை விளக்கில் காட்டி, அரக்கை முழுசாகப் பெயர்த்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டிவிடுவான். திறமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

நேரிலேயே கேட்டேன். மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னான்:

"அத்திம்பேரே, ஒரு முழுங்கு ஸ்பிரிட்டுக்கு இத்தனை ரகளையா? பெட்டியைப் பெருமாள் மாதிரி ஏளப்பண்ணி வெச்சிருக்கேள். நாலு வருஷமா இந்தாத்துல யாருக்கு என்ன ஆச்சு? ஒரு கொசு கடிச்சுதா?"

"ஆகாது என்று உனக்கு யார் சொன்னது?" என்றேன்.

"ஆகணும்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றான்.

கமலவல்லி தளிகை உள்ளில் சமைத்தபடியே சிரித்தாள்.  எனக்கு உடனடியாகப் பதில் சொல்லும் பழக்கம் இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் கமலவல்லி கொல்லையில் தகர விளிம்பை மிதித்துவிட்டாள். உள்ளங்காலில் ஒரு அங்குலம் வெட்டு. என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக முத்திரையை உடைத்தேன்.  காயத்தைத் துடைத்து ஸ்பிரிட்டை ஊற்றினேன். அவள் கத்தவில்லை. ஸார், என் மனைவி எறும்பு கடித்தால் எளாவூர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறவள். வெட்டுக் காயத்தில் ஸ்பிரிட் விழுந்தும், "ஜில்லுனு இருக்குன்னா" என்றாள். புட்டியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு கிணற்றுத் தண்ணீர். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, நான் பென்சிலால் போட்டிருந்த கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறான்.

ஆபத்துக்கு வைத்த மருந்தில் தண்ணீர் கலப்பவன் உயிரோடு விளையாடுகிறவன். இதில் உங்களுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இருக்காது.

ஆகவே ஒரு சோதனை வைத்தேன். என் பழைய ரயில்வே கோட்டில் கறை எடுப்பதற்காக என்னிடம் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. ஸ்பிரிட் புட்டியைக் கழுவிக் காயவைத்து அதில் பெட்ரோலை ஊற்றிப் பழைய இடத்தில் வைத்து முத்திரை போட்டேன். பழுப்பு நிறப் புட்டி, உள்ளே நிறம் தெரியாது. உண்மையான ஸ்பிரிட்டை என் டிரங்குப் பெட்டியில் பூட்டினேன், ஏனென்றால் முதலுதவிக்கு ஸ்பிரிட் இல்லாமல் இருக்கக் கூடாது. திருடுகிறவன் அதை ஸ்டவ்வில் ஊற்றுவான், குப்பென்று பிடிக்கும், இரண்டு புருவமும் கொஞ்சம் மீசையும் போகும். விசாரணையே தேவையில்லை. காலையில் எவன் புருவம் இல்லாமல் காப்பி குடிக்கிறானோ அவன்தான். நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு. அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

நியாயமான கேள்வி, ஸார். ஸ்டவ்வைக் கமலவல்லியும்தானே பற்றவைப்பாள். யோசிக்காமல் இருப்பேனா. கமலவல்லிக்கு நாய் மாதிரி மோப்பம். மூடியைத் திறந்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். வேங்கடேசனுக்கு மூக்கு இருந்ததே தவிர, அதில் வாசனை என்று ஒன்று ஏறி இருபது வருஷம் ஆகிறது. பொடி அடைத்த மூக்கு. அவன் ஒருவனுக்குத்தான் வித்தியாசம் தெரியாது.

ஆமாம், அப்படியானால் திருடன் யார் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஒரு சோதனை என்று வைத்தால் முறைப்படி நடக்க வேண்டும்.

அதே வாரம் பொன்னேரிக்குப் போய் மஞ்சள் களிம்பு பெரிய டியூப் நாலும், அகலப் பட்டைச் சுருள் பன்னிரண்டும் வாங்கிவந்தேன். கடைக்காரர் சாட்சி சொல்வார். புருவத்துக்குப் பன்னிரண்டு சுருளா என்று ஏட்டையா சிரிக்கிறார். எழுதுகிற வேலையைப் பாருங்கள், ஐயா. முன்னெச்சரிக்கை என்பது குறைவாக வாங்குவதில் இல்லை.

ஏழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஷெல்ப்பிலிருந்த புட்டியில் ஸ்பிரிட் இருந்தது. தினம் அதைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன், எவ்வளவு மிச்சம் என்று. எட்டாம் நாள் சாயங்காலம் தீர்ந்திருந்தது.

மறுநாள் விடியற்காலை, ஐந்து அடித்துப் பதினோரு நிமிஷம். வேங்கடேசன் எழுந்தான். ஷெல்ப்பிலிருந்த புட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு என் பெட்டியிடம் வந்தான். கத்தியைச் சூடு பண்ணி முத்திரையைப் பெயர்த்தான். புட்டியை எடுத்துக்கொண்டு போனான். கிண்ணி நிறைய ஊற்றினான், கொஞ்சம் மேலேயும் சிந்திற்று. தீப்பெட்டியில் முதல் குச்சி நமுத்துப்போயிருந்தது, பிடிக்கவில்லை. இரண்டாவது குச்சி பிடித்தது. முத்திரையிலிருந்து இரண்டாவது குச்சி வரைக்கும் மொத்தம் மூன்று நிமிஷம் இருபது செகண்ட். புட்டி திறந்தபடி பக்கத்திலேயே இருந்தது, அதுவும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூடி வைக்கிற பழக்கம் அவனுக்கு எந்த விஷயத்திலும் கிடையாது.

அதற்கப்புறம் நான் செய்ததைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கம்பளியால் மூடி உருட்டித் தீயை அணைத்தேன். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி. கூடத்தில் படுக்க வைத்துப் பெட்டியை எடுத்தேன். கமலவல்லி கிணற்றடியிலிருந்து ஓடிவந்து கதவருகே நின்றாள். "இது என்ன வாசனைன்னா?" என்று கேட்டாள். நான் வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. இன்றோடு இரண்டு வாரம்.

அடுத்த வீட்டு அரசப்பன் மில் வேன் ஓட்டுகிறவன். சத்தம் கேட்டு ஐந்து நிமிஷத்தில் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். "தூக்கு சாமி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்ர்றேன், ரோடு காலியா கீது" என்றான். நான் இரு என்றேன். கட்டு முடியாமல் நோயாளியை அசைக்கக் கூடாது. கைகளுக்குச் சுருள் கட்டு, ஒவ்வொரு சுற்றிலும் திருப்பி மடித்து, மீன் செதிள் மாதிரி வரிசையாக வர வேண்டும். முழங்கைக்கு எட்டு வடிவக் கட்டு. மார்புக்கு அகலப் பட்டை. முப்பத்துநாலு வருஷம் படித்தும் போட்டுப் பார்க்காத கட்டுகள், ஸார். விரல்கள் தாமாகவே ஓடின. இடது கையில் மடிப்பு ஒரு இடத்தில் கோணலாக வந்துவிட்டது. அதை மட்டும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

அரசப்பன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே வந்து கத்தினான். "இன்னா சாமி பண்ணிக்கினு கீற? ஆள் போய்க்கினு கீறான், நீ குந்திக்கினு பூமாலை கட்டிக்கினு கீற."

நாட்டுப்புறத்தான். ஆனால் மாலை என்று அவன் சொன்னது தப்பில்லை, அவ்வளவு அழகாகத்தான் இருந்தது.

வேங்கடேசனுக்கு நினைவு இருந்தது. வலிக்கிறது என்று அவன் சொல்லவேயில்லை. கட்டு பாதி முடிந்திருக்கையில், "அத்திம்பேரே, அது ஸ்பிரிட்தானே?" என்று கேட்டான். அடிபட்டவரைப் பேச விடக் கூடாது என்று விதி. "பேசாதே, அலட்டிக்கொள்ளாதே" என்றேன். "போறும், அத்திம்பேரே" என்றான். நான் நிறுத்தவில்லை. பன்னிரண்டு சுருளும் சரியாகப் போதுமானதாக இருந்தது. ஒரு சுருள் குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது. எல்லாம் முடிய ஐம்பத்தைந்து நிமிஷம். மீஞ்சூர் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது என்று அரசப்பன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பத்து நாளும் விளக்கு எரிய வேண்டும் என்று கமலவல்லி என் பெட்டியிலிருந்தே பஞ்சை எடுத்துத் திரி போட்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சுபாவம் உங்களுக்குப் புரிவதற்காக இதையும் சொல்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? முதல் நாள் விசாரணையில், சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓடினேன் என்று சொல்லியிருக்கிறேனா? இருக்கலாம். தூங்குகிறவனுக்கு மூன்று நிமிஷம் இருபது செகண்ட் எப்படித் தெரிந்தது என்கிறீர்கள். நமுத்த குச்சி எப்படித் தெரிந்தது என்கிறீர்கள். நல்ல கேள்வி. எட்டு நாளும் நான் நாலு மணிக்கே எழுந்து கூடத்து இருட்டு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்தடி தூரம். கையில் ரயில்வே கடிகாரம். முதல் குச்சி பிடிக்காதபோது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால், முத்திரையைத் தொட்டது அவன்தான் என்பது ருசுவாகாமலே போய்விடும். அதனால் கூப்பிடவில்லை.

பச்சையப்பன் கத்துவதை நிறுத்திவிட்டான், கவனித்தீர்களா. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறான்.

அவனுக்காக மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். அவன் உள்ளே போய் மூன்று நாள் ஆகிறது, முதல் நாளே எனக்குத் தெரியும். முந்தாநாள் சாட்சிக் கையெழுத்துக்காக என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினீர்களே, அதில் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்து ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். 'காயம்பட்டவருக்கு வீட்டில் முதலுதவி எதுவும் செய்யப்படவில்லை, அதற்கான வசதியும் இல்லை.' அந்த டாக்டர் சின்னப் பையன். என் கட்டுகளையெல்லாம் கத்தரித்துப் பக்கெட்டில் போட்டுவிட்டு, "யாரய்யா இதைச் சுற்றினது?" என்று கேட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். இரண்டு ராத்திரியாக எனக்குத் தூக்கம் இல்லை, ஸார். வசதி இல்லையாம்.

எழுதிக்கொள்ளுங்கள். புட்டியில் பெட்ரோலை ஊற்றியது நான்தான். அது அவன் கைக்குத்தான் போகும் என்று தெரிந்தே ஊற்றினேன். குச்சி கிழிக்கும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேனை வாசலில் நிற்க வைத்ததும் நானே. கொலை என்று போட வேண்டுமானால் போடுங்கள், அது உங்கள் டிபார்ட்மெண்ட், நான் தலையிட மாட்டேன். பச்சையப்பனை இன்றைக்கு விடுவதா, நாளைக்கு விடுவதா என்பதும் உங்கள் சௌகரியம். அந்த ஒரு வரியை மட்டும் என் கண் முன்னால் அடித்துவிட்டு, முதலுதவி முறைப்படி, முழுமையாகச் செய்யப்பட்டது என்று எழுதுங்கள். அதற்குக் கீழே நீங்கள் எத்தனை கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன்.